ஹேவுங்க சம்பந்தி

என் ஆங்கிலத்துக்கு வாசகர்கள் உண்டு என்று சொன்னால் அது முழுப்பொய் ஆகிவிடாது. கோயமுத்தூரில் தயாராகும் மோட்டார் பம்பு, கிரைண்டர் இவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமல்லவா, அதை எழுதுகிறவன் நான். பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலோடு சேர்த்து அதையும் தூக்கி எறிவார்கள். எறிகிற நேரத்தில் அட்டைப்படமாவது கண்ணில் படும். அந்தக் கணக்கில் எனக்கு இருக்கும் வாசகர்கள் எந்த நாவலாசிரியருக்கும் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஒரு பகை. 'ஹேவ்' என்கிற வினைச்சொல். தொழிற்சாலையிலிருந்து எனக்கு வரும் குறிப்புகளில் எந்த மோட்டாரும் வாரண்டியைச் சும்மா 'ஹேஸ்' செய்யாது. 'திஸ் மோட்டார் இஸ் ஹேவிங் வாரண்டி' என்றுதான் வரும். வாரண்டி என்பது இருப்பது, ஓடிக்கொண்டிருப்பது அல்ல. உடைமையைச் சொல்லும்போது இந்த வினைக்கு வால் கிடையாது என்று குறிப்பெழுதி, வாலை நறுக்கி அனுப்புவேன். அச்சாகி வரும்போது வால் மறுபடி முளைத்திருக்கும். ஒருமுறை பொறுக்கமுடியாமல் ஒரு முதலாளியிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஹேஸ்னா மொட்டையா இருக்குதுங்க. ஹேவிங்னு சொல்றப்பத்தான் கஸ்டமருக்கு ஒரு மரியாதை வருது" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ங்' இருக்கிறது. எதைச் சொன்னாலும் வாலில் ஒரு 'ங்க' கட்டாமல் வாய் மூடாத ஊர் இது. வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "போங்க அக்கட்டால" என்று விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு 'ங்' கிடந்தால் விட்டுவிடுவார்களா என்ன?

வடவள்ளியில் எங்கள் வீதிக்கு நான் இங்கிலீசுக்காரர். வெள்ளைக்காரர் ஒருவரோடு நான் நேரில் நடத்திய மிக நீண்ட உரையாடல், ரயில் நிலையத்தில் ஒருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டது. அதற்கும் கையைத்தான் காட்டினேன். இது வீதிக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியாது. அதனால்தான் சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம் கையில் இரண்டு தேங்காயோடு எங்கள் போர்ட்டிகோவுக்கு வந்தார்.

அக்கா குடும்பத்துக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில், உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. ஒரே மகளின் படிப்புக்காகக் கோயமுத்தூரில் வீடு கட்டி வந்தார்கள். மகள் படித்துவிட்டு நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனாள். வீடு போகமுடியாமல் இங்கேயே நின்றுவிட்டது. அங்கே மகள் அந்த ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். சில மாதம் இந்த வீட்டில் மழையும் இடியுமாக இருந்தது. பிறகு ஒருநாள் வீடியோவில் பையன் கைகூப்பி "வணக்கமுங்க" என்றான். வானம் வெளுத்துவிட்டது. 'ங்க' போட்டவனை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? கல்யாணம் கோயமுத்தூரில் என்று முடிவானது. பையனைப் பெற்றவர்கள் முந்தின வாரமே வருகிறார்கள், முதல் விருந்து அக்கா வீட்டில்.

"ஏனுங் தம்பி, இங்கிலீசுல எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்குடுங்க."

"எந்த வார்த்தைங்க்கா?"

"அது உங்களுக்குத்தான் தெரியோணும். எங்க மில்லுல பிட்டர் ஒரு ஸ்பேனர் வெச்சிருக்கறாருங். திருகுனா வாய் பெருசாகும், சிறுசாகும். எந்த நட்டுக்கும் ஆகும். அந்த மாதிரி ஒண்ணு."

என் மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். "தப்பான கடைக்கு வந்துட்டீங்க்கா. இவர்கிட்ட ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவாரு. ஒம்பதும் எந்த நட்டுக்கும் ஆகாது."

"விருந்தன்னைக்குப் பொண்ணுதான் கூடவே இருக்குமே, அது மாத்திச் சொல்லாதா?" என்று நான் கேட்டேன்.

அக்கா தேங்காய்களைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். விஷயம் இதுதான். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மகளைப் பையனின் அம்மா தம் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டிருக்கிறார். இவள் "நோ, தேங்க்ஸ்" என்றிருக்கிறாள். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பாத்திரம், அடுத்த "நோ, தேங்க்ஸ்". அதுவும் போய்விட்டது. ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றதாக மகள் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாளாம்.

"அவ சிரிச்சாளுங். எனக்குச் சிரிப்பு வரலீங்" என்றார் அக்கா. "ஆபீசுல நாலு பேரை அதட்டி வேலை வாங்கற புள்ளைங். மாமியா முன்னால உக்காந்தா மட்டும் நம்மூட்டுப் புள்ளையாப் போயிருது."

நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஒரு வீட்டுக்கு ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போனால், எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்" என்பது குறைந்தபட்ச மரியாதை. கொடுப்பவர் "அட, ஒரு வாய்ங்க" என்பார். "வயித்துல எடமில்லீங்க." "காப்பிக்கு எதுக்குங்க எடம், சந்து பொந்துல போயிரும்." "செரி, உங்க மனசுக்காக." அப்புறம்தான் குடிக்கலாம். கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் சோத்துக்குப் பறக்கிறவன்; ஒருமுறை மட்டும் கேட்கிறவன் கஞ்சன். இரண்டு தரப்பும் இந்தப் பாடத்தைத் தாய்ப்பாலோடு படித்தவர்கள் என்பதால் இங்கே யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஊர் மாறினால்தான் வினை. ஒருமுறை சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் "காபி சாப்பிடுகிறீர்களா?" என்றார்கள். "வேண்டாங்க" என்றேன். "சரி" என்றார்கள். அந்தச் 'சரி'யை நான் இன்றைக்கும் ஜீரணிக்கவில்லை. நெடுநேரம் அரசியல் பேசிவிட்டு, தெருமுனைக் கடையில் காபி குடித்துவிட்டு வந்தேன்.

"அந்தம்மா கிட்ட நான் சொல்லோணும், 'எம்பொண்ணு மொதல்ல வேண்டாம்பா, அதை நம்பீராதீங்க, ரெண்டாந்தடவை கேளுங்க'ன்னு. இதை அவளை வெச்சு எப்படிங் சொல்றது? 'அம்மா, மானத்தை வாங்காதே'ன்னு எம்மேல பாஞ்சுருவா."

"நான் சொல்றனுங்க்கா."

"நீங்க சொன்னா அது கம்ப்ளைண்ட் மாதிரி ஆயிரும். பெத்தவ வாயில வந்தாத்தான் அது வார்த்தைங் தம்பி. கல்யாணம் முடிஞ்சா அவ அந்த மேசையிலதான காலத்துக்கும் உக்காரப் போறா?"

வாழ்நாள் பகையை மறந்து, ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

"ஹேவ்" என்றேன். "உக்காரச் சொல்ல ஹேவ் எ சீட். சாப்பிடச் சொல்ல ப்ளீஸ் ஹேவ். இன்னுங் கொஞ்சம்னு கேக்க ஹேவ் சம் மோர். குளிச்சா ஹேவ், தூங்கி எந்திரிச்சா ஹேவ், சண்டை போட்டாலும் ஹேவ். காய்ச்சல் வந்தாலும் ஹேவ், காசு இருந்தாலும் ஹேவ். கூட ஒரு 'டு' சேத்துட்டா கட்டாயம். ஹேவ் டு கோ, போயே ஆகணும். முடிஞ்சுபோனதுக்கும் அதுதான். ஹேவ் ஈட்டன், சாப்ட்டாச்சு."

"சாப்புடுங்கன்னாலும் அதே, சாப்ட்டாச்சுன்னாலும் அதேவா?"

"ஆமாங்க்கா."

"பரவால்லீங், சிக்கனமான சனம்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கு உற்சாகம் வந்தால் கேட்பவருக்குக் கஷ்டகாலம். "இதோட மூலப்பொருள் உடைமைங்க்கா. ஐ ஹேவ் எ டாட்டர். சொல்லுக்குச் சொல் பாத்தா, நான் ஒரு பொண்ணை வெச்சிருக்கேன்."

அக்கா நிமிர்ந்தார். "வெச்சிருக்கறதுங்களா?"

"அவங்க மொழியில அப்படித்தானுங்க. ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட்."

"புருசனயும் நான் வெச்சிருக்கறனா! தம்பி, எங்க பக்கம் வெச்சிருக்கறதுன்னா வேறீங்."

உள்ளே சமையலறையில் என் மனைவி சிரித்த சத்தம் குக்கர் விசிலை அமுக்கிவிட்டது.

அடிபட்ட இடத்தில் மருந்து போடுவதுபோல நான் ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். தமிழில் இந்த வினையே கிடையாது. எனக்கு வீடு இருக்கிறது என்கிறோம். வீடு தன்பாட்டுக்கு இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். எனக்குப் பசி இருக்கிறது, எனக்கு மகள் இருக்கிறாள். எதையும் நாம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் நம்மிடம் வந்து இருந்துவிட்டுப் போகின்றன. எப்பேர்ப்பட்ட மொழி, எப்பேர்ப்பட்ட பற்றின்மை!

அக்கா பொறுமையாகக் கேட்டார். "அப்பறம் எதுக்குங் தம்பி ஊரே வரப்புக்கு அடிச்சுக்குது?"

வகுப்பு அன்றைக்கு அதோடு முடிந்தது.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் நடந்தது. 'ஹேவ் எ சீட்' வந்துவிட்டது. 'ஹேவ் சம் மோர்' வந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றின் பின்னாலும் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஹேவுங்க."

"அக்கா, வெறும் ஹேவ்."

"ஹேவ்." ஒரு கணம் நிறுத்தினார். "...ங்க."

"இங்கிலீசுல 'ங்க' கிடையாதுங்க்கா. அதுக்குப் பதிலாத்தான் முன்னாலயே ப்ளீஸ் போட்டாச்சே."

"அது முன்னால. பின்னால ஒண்ணும் இல்லாம எப்படிங் உடறது, சம்பந்திகிட்ட? வா, போன்னு சொன்ன மாதிரி இருக்குது."

ஹேவ், ஹேஸ், ஹேட், ஹேவிங் என்று இந்த வினைக்கு நான்கு வடிவம்தான் என்று நான் படித்திருந்தேன். ஐந்தாவதை எங்கள் போர்ட்டிகோவில் கண்டுபிடித்தோம். வாலை வெட்டுவதில் எனக்கு இருந்த வெற்றி விகிதம் உங்களுக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அதுதான் முக்கியம் என்று நினைத்தேன். "அக்கா, அவங்க நோன்னா நோதான். நம்மள மாதிரி இல்லை. ஒருதடவை வேண்டாம்னுட்டா மறுபடி கேக்கறது அவங்களுக்கு அவமரியாதை. இலையில அள்ளிப் போட்டுறாதீங்க. கொஞ்சமா வெச்சு, கேட்டுக் கேட்டுப் போடுங்க. நோன்னா, 'ஓகே'ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க."

"வாங்க வாங்கன்னு கூப்புட்டுப் போட்டு, ஒருதடவை கேட்டுட்டு உட்ரதா?" அக்காவுக்கு மனசே இல்லை.

"நம்ம பொண்ணை அவங்க புரிஞ்சுக்கோணும்னா, அவங்களை நாம மொதல்ல புரிஞ்சுக்கோணுமில்லைங்க்கா?"

இதைச் சொன்னபோது எனக்கே என்மீது மதிப்பு கூடியது. நான் வெள்ளைக்காரர்களைப் புரிந்துகொண்டதெல்லாம் நாவல்களில். நாவல்களில் அவர்கள் விருந்துகளில் சாப்பிடுவதைவிட அதிகமாகப் பேசத்தான் செய்கிறார்கள்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கட்டிக் கொடுத்தேன். 'மை டாட்டர் ஹேஸ் எ ஹேபிட். அட் ஃபர்ஸ்ட் ஷி செஸ் நோ. ப்ளீஸ் ஆஸ்க் ஹர் அகெய்ன்.' இலக்கண சுத்தமான வாக்கியம். எந்த மேனுவலிலும் அச்சடிக்கலாம். காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து "ஹேபிட்... ஹேபிட்" என்று குரல் வரும். செம்பருத்தி பதில் சொல்லாது. அக்கா விடமாட்டார்.

மகளை அந்த நேரத்தில் அப்புறப்படுத்துவதற்கு மட்டும் என் உதவி தேவைப்படவில்லை. மாப்பிள்ளைப் பையனின் பட்டுச் சட்டைக்கு அளவு சரிபார்க்க டவுன்ஹால் பக்கத்து டெய்லரிடம் அக்காவே நேரம் வாங்கினார், விருந்து நேரத்துக்குச் சரியாக.

"அம்மா, அவங்க மொதல்மொதலாச் சாப்பிடறப்ப நான் இருக்கோணுமல்ல?"

"போனதும் வந்தறலாம் கண்ணு. சட்டை புடிச்சுதுன்னா மேடையில ஆரு பாக்கறது? போயிட்டு வா சாமி."

போய்விட்டு உடனே வரக்கூடிய ஊரா கோயமுத்தூர்? மேம்பாலம் கட்டி முடிக்காத இடமெல்லாம் பள்ளம், கட்டி முடித்த இடமெல்லாம் சிக்னல். அக்கா எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார்.

சம்பந்திகள் வந்தார்கள். பையனின் அப்பா ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். நிலைப்படியில் குனிந்தே வந்தார். அந்த அம்மா வெட்டிவிட்ட நரைமுடியும் பருத்திப் புடவையுமாக, புடவையைப் பாதி கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். "வணக்கமுங்க" என்றார். அக்கா பரவசத்தில் என் கையைக் கிள்ளினார்.

"ப்ளீஸ் ஹேவ் எ சீட்டுங்க."

உட்கார்ந்தார்கள்! நான் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்து யாராவது ஒரு மோட்டாரை ஓடவைத்திருக்கிறார்களா என்பது எனக்கு இதுவரை தெரியாது. இதோ என் வாக்கியம் ஒன்றுக்குக் கண்முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

மேசையில் இலை போட்டிருந்தது. நான் ஸ்டெப்னி டயர்போல எதிரே உட்கார்ந்தேன். என் யோசனைப்படி இலையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அரிசிம்பருப்புச் சாதம் ஒரு பிடி, பொரியல் ஒரு விரல்கடை, பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்து நெய்விட்டுச் சுட்ட ஒப்புட்டு, அதுவும் கால் துண்டு. அந்த அம்மா முதலில் ஒப்புட்டைத்தான் எடுத்தார். வாயில் போட்டதும் கண்ணை மூடினார்.

அக்கா தட்டோடு வந்தார். "ப்ளீஸ் ஹேவ் சம் மோருங்க."

"ஓ, நோ, நோ, தேங்க் யூ" என்று அந்த அம்மா இலைக்குமேலே கையை விரித்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே தலையசைத்தேன்.

"ஓகேங்க" என்று அக்கா தட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

சாதம் வந்தது. நோ. ஓகேங்க. போனது. கொள்ளுப்பருப்பு வந்தது, போனது. ஒரு ஆப்பிளை நறுக்கிவைத்தாலே தின்னச் சொல்லி அரைமணி நேரம் கெஞ்சுகிற அக்கா, பேருந்து நிலைய ஓட்டல் சர்வரைப்போல ஒரு கேள்வியோடு நகர்ந்துகொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாகரிகங்களுக்கு நடுவில் ஒரு பாலம் கட்டி, ஒரு பள்ளமும் இல்லாமல் திறந்துவைத்த திருப்தி.

பக்கத்தில் அந்தப் பெரியவருக்கு அக்காவின் வீட்டுக்காரர் பரிமாறினார். மச்சான் எண்ணெய் மில்லைத் தவிர எதிலும் வாய் திறக்காதவர். கேட்கவே இல்லை, போட்டார். அவரும் மறுக்கவே இல்லை, சாப்பிட்டார். அந்த இருவருக்கும் யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை. ஒப்புட்டு மூன்றாவதோ நான்காவதோ போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மாவின் இலை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்து வைத்தார். அக்கா ஒப்புட்டுத் தட்டை மூடப்போனபோது, அந்த அம்மாவின் பார்வை தட்டுக்குப் பின்னாலேயே போயிற்று, கடைசிப் பேருந்து போவதைப் பார்க்கிற மாதிரி.

அக்கா நின்றார். முகத்தில் சிரிப்பு மாறாமல், தமிழில் என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தம்மா சொல்றது இங்கிலீசு நோ இல்லீங்."

"என்னங்க்கா சொல்றீங்க? நோன்னா நோதானே?"

"கையைப் பாருங்க. வேண்டாங்கறவிய இலையோட ஒட்டியில்ல மூடுவாங்க? இவிய கைக்கும் இலைக்கும் நடுவால ஒரு ஒப்புட்டுத் தாராளமாப் போகும். அந்தச் சந்தை எதுக்கு உட்டிருக்கறாங்க? இது நம்மூரு நோ."

"இருக்காதுங்க்கா. அவங்க வழக்கத்துல..."

"பேசாம இருங்க தம்பி. பசியோட இருக்கற மொகம் எனக்குத் தெரியாதா?"

அக்கா தட்டைத் திறந்தார். முழு ஒப்புட்டு ஒன்றை எடுத்து, அந்தக் கைக்கும் இலைக்கும் நடுவில் நீட்டினார். "ஹேவுங்க."

"ஓ, ஐ ரியலி குடின்ட்..." என்றார் அந்த அம்மா. முகமோ விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"அட, ஒண்ணே ஒண்ணு. ஹேவுங்க சம்பந்தி!"

கை விலகியது. ஒப்புட்டு இலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் காணாமலும் போனது. அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் சாதம், பருப்பு, ரசம், ஒரு வரிசையிலும் இல்லாமல் எல்லாம். நடுவில் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என் ஆங்கிலம் கடைசியில் அதற்காவது பயன்பட்டது.

கூடவே வந்த மகள் விமானத்திலேயே அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். 'எங்கள் ஊரில் எடுத்ததும் சரி என்று சொல்லிவிடாதீர்கள், பறக்கிற மாதிரி இருக்கும். முதலில் வேண்டாம் என்று சொல்லுங்கள். கவலையே வேண்டாம், அம்மா நிச்சயம் மறுபடி கேட்பாள். அவளை யாராலும் தடுக்க முடியாது.' மதியம் பெரிய விருந்து என்று ஓட்டலில் காலைப் பலகாரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இங்கே வந்தால் யாரும் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. தம்மை இந்த வீட்டுக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்துவிட்டாராம்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். முடிக்கும்போது என் குரல் சின்னதாகிவிட்டது.

"தடுக்க முடியாதாமா?" என்றார் அக்கா. "நீங்க தடுத்துப்போட்டீங்களே தம்பி." கோபம் இல்லை. ஆனால் ஒப்புட்டுத் தட்டு என் இலைப் பக்கம் வரவில்லை.

பிறகு அக்கா நாற்காலியை இழுத்து, சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. 'மை டாட்டர் ஹேஸ் எ ஹேபிட்' என்று நான் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு நாள் செம்பருத்திக்குச் சொன்ன வாக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த அம்மாவின் இலையைத் தொட்டுக் காட்டினார்.

"யூ. நோ, நோ." கையை அவர் விரித்த மாதிரியே சந்து விட்டு விரித்தார். "பட், பசி." வயிற்றைத் தொட்டார். "மை டாட்டர். யுவர் ஊடு. சேம். நோ, நோ." மறுபடி கை. மறுபடி வயிறு. "நோ சொல்றா. பட் ஷி ஹேஸ் பசி. டூ டைம் கேளுங்க. ப்ளீஸுங்க."

மூன்று மொழிபோல இருந்த அந்த இரண்டு மொழியில் இலக்கணப்படி சரியாக இருந்தது ஒரே ஒரு இடம்தான். 'ஷி ஹேஸ்'. ஆசிரியராக நான் உரிமை கொண்டாடக்கூடியது அவ்வளவே.

அந்த அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அது சந்து விடாத கை. மெல்ல அவர் முகம் மாறியது. எச்சில் கையென்றும் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓ, நோ" என்றார். "தி பொட்டேட்டோஸ்."

தம் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பி ஏதோ வேகமாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் மேசையில் சுட்ட உருளைக்கிழங்கு. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் வேண்டாம் என்றாள். சரியென்று இவர் எடுத்துக்கொண்டுபோய் மூடிவைத்துவிட்டார். பெரியவர் ஐந்தாவது ஒப்புட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மீதியை ராத்திரி நான்தான் தின்றேன்" என்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி.

அந்த அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்காவும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கையிலும் நெய். மச்சான் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைத்தார். அது அவருடைய பங்கு.

வாசலில் கார் சத்தம் கேட்டது. மகளும் மாப்பிள்ளைப் பையனும் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்கள். மகள் மேசையை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பிட்ட இலை, பிடித்த கை, துடைத்த கண், தலையைக் குனிந்திருக்கும் நான்.

"என்னாச்சு? அம்மா, என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒப்புட்டு நல்லாருக்குன்னாங்க. கையக் கழுவிட்டு வா, சாப்புடு."

"இப்ப வேண்டாம்மா. வழியில ஜூஸ் குடிச்சுட்டோம்" என்றாள் மகள், மாமியார் இருக்கும் பக்கம் பார்க்காமல்.

அந்த அம்மா எழுந்தார். புடவை மடிப்பை ஒரு கையில் பிடித்தபடி தட்டிலிருந்து ஒரு ஒப்புட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவருக்குத் தெரிந்தவரை அந்தச் சொல் இந்த ஊரில் இப்படித்தான்.

"ஹேவுங்க."

மகள் திகைத்துப்போனாள். "நோ, நோ, ஐ'ம் ஃபைன், ரியலி."

நீட்டிய கை திரும்பிப் போகவில்லை. அந்த அம்மா அங்கேயே நின்றார், நாள் முழுக்க நிற்கத் தயாராக இருப்பவர் மாதிரி.

"ஹேவுங்க" என்றார் மறுபடி.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொள்ளுப்பருப்புப் பாத்திரத்துக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அவள் ஒப்புட்டை வாங்கி, நின்றபடியே இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை முதலில் வாயில் போட்டாள்.